முனியாண்டி முன் கயிறு

ஜெராம்
3 நவம்பர் 2024

அன்பிற்கினிய தம்பி உடையப்பனுக்கு,

உன் அக்கா நலமாயிருக்கிறேன். நீயும் தனேஸ்வரியும் பிள்ளைகளும் அவ்வண்ணமே இருக்க வேண்டுகிறேன். தீபாவளிக்கு உன் வீட்டு முறுக்கு வந்தது, நீ வரவில்லை. தொலைபேசியில் அழைத்தால் "சரிக்கா, சரிக்கா" என்று சொல்லியே என்னை வழியனுப்பிவிடுவாய். ஆகவே இதை எழுதி, உங்கள் குவாரிக்கு இன்று மாலை திரும்பும் உன் மாமாவின் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன்.

நேற்று உண்ணும்போது அவர் ஒரு செய்தி சொன்னார். குவாரியின் உச்சியிலிருக்கும் முனியாண்டி சன்னதி, மலையை வெட்டி வெட்டி வந்ததில், இப்போது பள்ளத்தின் விளிம்பிலேயே நிற்கிறதாம். ஆளும் லோரியும் விழாதிருக்க விளிம்போரம் போட்ட மண்வரப்பை, வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் போய்வருவதற்காக ஓர் ஆள் நுழையுமளவு வெட்டித் திறந்திருக்கிறீர்களாம். சாமி முன் செல்பவர்கள் சப்பாத்தைக் கழற்றுவது முறை. அதோடு, விளிம்பில் வேலை செய்யும்போது கட்டும் பாதுகாப்புக் கச்சையையும் கயிற்றையும் கழற்றிவிடுகிறார்களாம். சூடம் காட்டுபவர் உன் மாமா. இது மழைக்காலம். ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக அங்கிருப்பவன் நீ.

நான் ஆறாம் வகுப்பைத் தாண்டாதவள். ஆயினும் கோயில் முறைகளைப் பற்றிக் கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்தவள். தெய்வத்தை இடம் மாற்றுவது பாவமன்று. சக்தியைக் கலச நீரில் இறக்கி, வேறிடத்தில் வைத்து வழிபடும் பாலாலயம் என்றொரு முறை உண்டு. எடைமேடைக்கு அருகே இடம் கேள். அதுவரை கச்சையோடும் கயிற்றோடும் பூசை நடக்கட்டும். கயிறு தீட்டு என்று எந்த நூலும் சொல்லவில்லை.

என்றும் உன் நலம் நாடும்
அக்கா புனிதவதி


சுங்கை சோ
9.11.2024

அக்காவுக்கு உடையப்பன் எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம். உன் கடிதத்தைப் பார்த்த, கணக்கு எழுதும் எங்கள் கிராணி, "பேப்பருக்கு அனுப்ப வேண்டியத மண்டோருக்கு அனுப்பிட்டாங்க லா" என்று சிரித்தான். கோபப்படாதே, அவ்வளவு அழகாக எழுதியிருக்கிறாய்.

நீ சொல்வது எனக்கும் தெரியும். ஆனால் நாம் பிறந்த எஸ்டேட்டில் அம்மன் கோயிலைக் கொஞ்ச நாளைக்கு என்று சொல்லித்தானே நகர்த்தினார்கள்? இன்று அங்கே மாடி வீடு நிற்கிறது. அம்மன் எங்கே? இங்கே முதலாளியும் என் வாயிலிருந்து ஒரு சம்மதத்துக்குத்தான் காத்திருக்கிறார். இடம் மாற்றலாம் என்று நான் சொன்னால், மாற்றுவது நடக்காது, இடிப்பது மட்டும் நடக்கும். அதனால் முனியாண்டியைத் தொட விடமாட்டேன்.

பெல்ட் எல்லாருக்கும் கொடுத்திருக்கிறோம். பாறையில் துளை போடும்போது கட்டாயம் மாட்ட வேண்டும். கொக்கி மாட்ட இரும்புத் தூணும் அடித்திருக்கிறோம். பூசைக்கு மட்டும்தான் இல்லை. உன் பேச்சைக் கேட்டு மாமா நேற்று பெல்ட்டும் கயிறுமாகச் சாமி முன்னால் போய் நின்றார். "மாமா, கயித்தக் கட்டிக்கிட்டு முனியாண்டி முன்னால நிக்கிறது ஆடு மட்டும்தான்" என்றேன். பையன்கள் எல்லாம் "ம்மே" என்று கத்திவிட்டார்கள். மாமாவே சிரித்துவிட்டு அவிழ்த்துப் போட்டார்.

அவரை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ கவலைப்படாதே.

உடையப்பன்


ஜெராம்
18 நவம்பர் 2024

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கண்டேன். உன் அச்சத்தில் நியாயமுண்டு. நம் அம்மனை நானும் மறந்தவளல்லேன். இடமாற்றத்தைப் பற்றி இப்போது வற்புறுத்தவில்லை. இக்கடிதத்தை அஞ்சலில் அனுப்புகிறேன். உன் மாமாவுக்குத் தெரியாது.

அவர் சிரித்ததாக எழுதியிருக்கிறாய். பலர் சிரிக்கையில் நடுவில் நிற்பவர் தம் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? நேற்று வீட்டுக்கு வந்திருந்தார். மழை ஊறி, சன்னதியின் பின்புறம் நிலத்தில் ஒரு வெடிப்பு விட்டிருக்கிறது என்று அவராகவே சொன்னார். "இந்த வெள்ளியாவது கயிறு கட்டினீங்களா?" என்றேன். "நான் என்ன ஆடா புனிதம்? இனிமே அந்தப் பேச்ச எடுக்காத" என்று தட்டை நகர்த்திவிட்டு எழுந்துகொண்டார். வெடிப்பை அறிந்தவரே வெறும் இடுப்போடு அதன்மேல் போய் நிற்கிறார்.

பள்ளத்துக்கு அஞ்சாதவர் நகைப்புக்கு அஞ்சுகிறார். ஆண்களில் பெரும்பாலோர் அப்படித்தான். அந்தச் சொல்லை நான் திரும்பப் பெற முடியாது. சொன்னவன்தான் பெற முடியும். வரும் வெள்ளிக்கிழமை நீ முதலில் கச்சையைக் கட்டி, கொக்கியை மாட்டி, அனைவரும் பார்க்கச் சாமி முன் நில். மண்டோரே கட்டியபின் ஆடென்று கத்த எவனுக்கு வாய் வரும்?

நான் உன்னிடம் எதையும் கேட்டுப் பழகியவளல்லேன். இது ஒன்றைக் கேட்கிறேன்.

உன் அக்கா
புனிதவதி


சுங்கை சோ
21.11.2024

அக்கா,

கடிதம் இன்று வந்தது. விளையாட்டுக்குச் சொன்னது. மாமா மனதில் வைத்துக்கொள்வார் என்று நினைக்கவில்லை. இப்போதுதான் அவரிடம் பேசினேன். "நாளைக்கு நானும் மாட்டுறேன் மாமா, நீங்களும் மாட்டுங்க" என்றேன். "நீ மாட்டினா நான் மாட்டுறேன் லா" என்றார்.

போதுமா? கவலைப்படாமல் சாப்பிடு.

உடையப்பன்


சுங்கை சோ
27.11.2024

அக்கா,

நீ போனை எடுப்பதில்லை. இழவு வீட்டிலும் என் முகத்தைப் பார்க்கவில்லை. உன் துக்கம் எனக்குப் புரியாமல் இல்லை. முருகையா மாமா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திருவிழா காட்டியவர்.

பாதுகாப்பு இலாகா அதிகாரி உன்னிடமும் விசாரிக்க வருவார். மாமாவுக்கு ரத்தக்கொதிப்பு இருந்தது, மயக்கம் வந்திருக்கும் என்று மட்டும் சொல். பூசையில் பெல்ட் இல்லாமல் நின்றோம் என்று தெரிந்தால் சன்னதியை இடித்துவிடுவார்கள். என் வேலையும் போய்விடும். மண் சரிந்ததற்கு யார் என்ன செய்ய முடியும்? முனியாண்டி கூப்பிட்டுக்கொண்டார் என்றுதான் இங்கே எல்லாரும் சொல்கிறார்கள். நீ எதைச் சொன்னாலும் மாமா திரும்பி வரப்போவதில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்குச் செய்ய வேண்டியதை எல்லாம் நான் செய்கிறேன்.

உடையப்பன்


ஜெராம்
4 டிசம்பர் 2024

திரு. உடையப்பன் அவர்களுக்கு,

தங்கள் இருபத்தேழாம் தேதிக் கடிதம் கிடைத்தது. அதற்கு முந்தைய கடிதமும், அவரைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது, அஞ்சலில் வந்து சேர்ந்தது. கவலைப்படாமல் சாப்பிடும்படி அதில் எழுதியிருந்தீர்கள்.

லோரி ஓட்டும் காப்ரியல் வீட்டுக்கு வந்திருந்தார். வேதக்காரராதலால் அவர் பூசையில் கலவாமல், வரப்புக்கு இப்பால் நின்றவர். அவர் சொன்னதைச் சொன்னவாறே எழுதுகிறேன்.

"பெல்ட்டு மண்டோர் கையிலதாங்க்கா இருந்துச்சி. பெரியவரு அதுக்கு முன்னாலயே கொக்கிய மாட்டிட்டு மண்டோரையே பாத்துக்கிட்டு நின்னாரு. எவனோ ஒருத்தன் 'இன்னிக்கி ரெண்டு ஆடா?'ன்னான். மண்டோரு சிரிச்சிட்டு பெல்ட்டத் தூக்கி என் லோரி சீட்டுல போட்டுட்டாரு. பெரியவரும் கொக்கியக் கழட்டிட்டாரு. சூடத்தட்டோட திரும்புறாரு, கால் கீழ மண்ணே இல்லக்கா."

அதிகாரி நேற்று முன்தினம் வந்தார். என் கணவருக்கு ரத்தக்கொதிப்பு இருந்தது உண்மை, அதனால் அவர் விழவில்லை என்பதும் உண்மை என்று கூறினேன். வரப்பு திறந்திருந்ததைக் கூறினேன். வெடிப்பைக் கூறினேன், அதைத் தங்களுக்கு முன்கூட்டியே எழுதியிருந்ததையும் கூறினேன். தாங்கள் விளையாட்டுக்குச் சொன்ன சொல்லையும் விடவில்லை. தமிழறியாத அவர் பேனாவை நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். ஆடு என்ற அந்த ஒரு சொல்லை "கம்பிங்" என்று மலாயில் நானே சொல்லிக் கொடுத்தேன். எழுதிக்கொண்டார்.

சன்னதி என்னவாகும் என்று கேட்டேன். அதை மேலிடம் தீர்மானிக்கும் என்றார். அது இடிபடுமாயின் அந்தப் பாவம் என் தலையில் இருக்கட்டும். முனியாண்டியிடம் நான் பேசிக்கொள்கிறேன். அவர் எல்லைக் காவலர். எவரையும் அவர் கூப்பிடவில்லை. இன்னும் அதே விளிம்பில் துளை போடும் ஆண்களுக்கு வீடுகளில் மனைவியர் இருக்கிறார்கள்.

வரும் சனிக்கிழமை பதினாறாம் நாள். கணவனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டார் கோடிச்சேலை கொணர்ந்து போர்த்துவது நம் முறை என்பதும், தங்களையன்றி எனக்குப் பிறந்த வீடு இல்லை என்பதும் ஊரறிந்தவை. தாங்கள் வர வேண்டாம். காப்ரியலின் மனைவி முரியலிடம் கேட்டிருக்கிறேன். "அத நாங்க செய்யலாமாக்கா?" என்று தயங்கினாள். செய்யலாம் என்றேன்.

இங்ஙனம்,
புனிதவதி முருகையா