தலைக்கட்டு வரி

செவந்திக்கு உன் வீட்டுக்காரன் அடைக்கலம் சொல்லச் சொல்ல, கூடச் சமைக்கிற பிளெஸ்ஸி எழுதுவது. முழங்கால் வீக்கம் வடிந்ததா? நான் சுகம்.

இங்கே மெல்போர்னில் ஒரு வேடிக்கை. முதலாளி என்னை ஆடிட்டரிடம் கூட்டிப்போனார். ஆடிட்டர் ஒரு தமிழ்ப் பெண். "இனிமே நீங்க இந்த நாட்டு வரிக்காரங்க, தாத்தா. ரேகை வைங்க" என்று சிரித்தாள்.

"ஒரு ஆளுக்கு ரெண்டு ஊருல வரி உண்டா தாயி?"

"இது சம்பளத்துக்குத்தான். ஒங்க ஊரை யாரும் பிடுங்க மாட்டாங்க."

மறுத்தால் வேலை போய்விடுமென்று ரேகையை வைத்துவிட்டேன். இந்த நாட்டு வரிக்காரனென்றால் நம் ஊர்க்காரன் இல்லையென்று ஆகிவிடுமோ என்று அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. சிங்கப்பூர் போன கருப்பையா நம் கோவிலுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவென்று கட்டுகிற தலைக்கட்டு வரியை நிறுத்தியதும், ஊர் வரி நோட்டிலிருந்து அவன் பேரை எடுத்துவிட்டது. அவன் செத்த அன்று அடைமழை. பாடை தூக்க ஒருவரும் வரவில்லை. மகன்கள் டிராக்டரில் ஏற்றிப் போனார்கள்.

எனக்கு அந்தக் கதி வேண்டாம் செவந்தி. மண்குதிரை தூக்குகிற புரவியெடுப்புத் திருவிழாவுக்கு முன்னாலேயே என் பேரில் வரியைக் கட்டிவிடு. வரி வாங்குகிற ஊர்ப் பெரியவர் அம்பலகாரர், "ஆளுதான் இங்கிட்டு இல்லையே" என்றால், "சமைக்கத்தான் போயிருக்காரு, வந்துருவாரு" என்று காலில் விழுந்தாவது சொல். ரசீதைப் பிளெஸ்ஸி போனுக்கு அனுப்பு. எனக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் என் பேர் அதில் இருக்கிறதென்று அவள் சொன்னால் போதும்.

முதலாளி கூப்பிடுகிறார். சீக்கிரம் கட்டு.