வாசலில் ஒரு ஜோடி பெரிய செருப்பு

நவம்பர் 4, செவ்வாய்

விடிகாலையிலிருந்து தூறல். செங்கல்பட்டில் பஸ் கிடைக்கவே நேரமாகிவிட்டது. மாமல்லபுரம் போய்ச் சேர்ந்தபோது பிரேயர் முடிந்திருந்தது. ஹெச்.எம். முறைப்பு. குடைக் கம்பி வேறு உடைந்தது.

எட்டாம் வகுப்பு, டிராயிங். போன வாரம் அர்ஜுனன் தபசுப் பாறையில் காட்டிய பூனைச் சிற்பத்தைப் பிள்ளைகள் மறக்கவில்லை. கையைத் தூக்கித் தவம் செய்கிறது, காலடியில் எலிகள். "டுபாக்கூர் சாமியாரு மிஸ்!" எனக்கு ஒரே குஷி. இன்று 'எங்கள் வீடு' வரையச் சொன்னேன். பெயர் எழுதக் கூடாது. படத்தை மட்டும் பார்த்து மற்றவர்கள் அந்த வீட்டின் கதையைச் சொல்ல வேண்டும். என் ஐடியாதான். படத்தில் சும்மா இருக்கிற பொருள் எதுவும் கிடையாது என்று வழக்கம்போல் முழங்கினேன்.

கேஸ் சிலிண்டர் புக் பண்ண வேண்டும்.

நவம்பர் 6, வியாழன்

மழை. வேறு வேலையில் கை ஓடவில்லை, எழுதித் தீர்த்துவிடுகிறேன்.

போர்டில் ஒட்டியதில் ஒன்று அபாரம். பச்சை கிரில், மூடிய கதவு, வாசலில் செருப்புகள். கதை சொல்ல எழுந்தவன் லோகேஷ்.

"மழ பேஞ்சுகினு கீது மிஸ். சின்ன செருப்பெல்லாம் சேறு. பெருசு மட்டும் சுத்தமா கீது."

"அப்படின்னா?"

"அந்த ஆளு வெளியவே போவல."

"இன்னும் யோசி."

"ஆளே இல்ல மிஸ்!"

கைதட்டினேன். வகுப்பையே கைதட்டச் சொன்னேன். அதோடு விட்டேனா? "சரியாச் சொன்னே. வீட்டுல ஆம்பளை இருக்கிற மாதிரி ஊரை ஏமாத்த வச்ச செருப்பு" என்று விளக்கம் வேறு.

லோகேஷ் படத்துக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தான். "டேய், இது எங்க வூட்டு கீழ் போர்ஷன்டா!"

தாரணி தலையைக் குனிந்துகொண்டாள். ஜூனில் சேர்ந்த பெண். லோகேஷ் வீட்டில்தான் குடியிருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. பெல் அடித்துவிட்டது. படத்தைக் கழற்றிப் பைக்குள் வைத்தேன். என்ன பிரயோஜனம்.

நவம்பர் 10, திங்கள்

தாரணியின் அம்மா வந்திருந்தார். ஹோட்டல் ரிசப்ஷன் யூனிபார்மோடு. மதுரைப் பக்கம். கோபப்பட்டிருந்தால் தேவலை.

புருஷன் விட்டுவிட்டுப் போய் ரொம்ப நாளாகிறதாம். ஆண் இல்லாத குடும்பத்துக்கு யாரும் வீடு தரவில்லை. புருஷனுக்கு நைட் ஷிப்ட், பகலில் தூங்குவார் என்று சொல்லி இங்கே குடி வந்திருக்கிறார். லோகேஷ் அன்றைக்கே வீட்டில் சொல்லிவிட்டான். உடனே காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள்.

"செருப்புல தூசி படிஞ்சா சந்தேகம் வரும்னு வாராவாரம் கழுவி வைப்பேன் மிஸ். கழுவினதுதான் காட்டிக் கொடுத்திருச்சு. அவ பார்த்ததைத்தான வரைஞ்சிருக்கா. அவளைத் திட்டிராதீங்க."

நானா திட்டுவேன்.

சாயங்காலம் லோகேஷ் அப்பாவைப் போய்ப் பார்த்தேன். சேர் போட்டார், டீ வந்தது. பிள்ளைகள் படத்தைப் பார்த்து ஏதோ கற்பனை பண்ணியது என்று கூசாமல் சொன்னேன்.

"இன்னா டீச்சர், ஏமாத்த வச்ச செருப்புன்னு நீங்கதான சொன்னீங்களாம்? பையன் வூட்ல வந்து அப்படியே சொல்றான். நல்லா சொல்லித் தர்றீங்கன்னு இவ கூட சொன்னா."

டீயைக் குடித்துவிட்டு வந்தேன். குடித்தேன், அதுதான் வெட்கம்.

நவம்பர் 12, புதன்

தலைவலி. அவர்களுக்கு வேறு வீடு பார்க்க நாலு பேரிடம் சொல்லி வைத்தேன். எல்லோரும் கேட்ட முதல் கேள்வி: "வூட்டுக்காரரு இன்னா பண்றாரு?"

லோகேஷ் தாரணியிடம் பேசப் போனானாம், அவள் பெஞ்ச் மாறிவிட்டாளாம். என்னிடம் வந்து நின்றான். "மிஸ், நான் தப்பா சொல்லலயே?" தப்பில்லை என்றேன். அவனை என்ன சொல்வது. தூண்டித் துருவிக் கேட்டவள் நான்.

நவம்பர் 14, வெள்ளி

குழந்தைகள் தினம். சாக்லேட், மைக் கரகரப்பு, மேடையெல்லாம் ஈரம். தாரணிக்கு டி.சி. வாங்கியாயிற்று. அச்சரப்பாக்கத்தில் பெரியம்மா வீட்டோடு இருக்கப் போகிறார்கள். அம்மா அங்கிருந்து எப்படி வேலைக்கு வருவார்? கேட்கத் தைரியம் இல்லை.

கடைசி பீரியட் என்னுடையது. பிடித்ததை வரையுங்கள் என்றேன். தாரணி ஒரு குடம் வரைந்திருந்தாள். நிழல் இல்லை, தரை இல்லை. பேப்பர் நடுவில் வெறும் குடம். பக்கத்தில் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயில் வந்தது வேறு.

"என்ன வரைஞ்சிருக்கே?"

"குடம் மிஸ்."

நான் நகரவில்லை. அவள் பேப்பரைத் திருப்பி வெள்ளைப் பக்கத்தையும் காட்டினாள்.

"சும்மா வரைஞ்சேன் மிஸ். பின்னாடியும் ஒண்ணும் இல்ல."