எல்லாருக்கும் தெரிந்த பேர்

ஜூன் 10, செவ்வாய்

காலையில் தோசை கருகிப்போனது. காரணம் வாட்ஸ்அப். எல்.கே.ஜி. அம்மாக்கள் குழுவில் யாரோ ஒரு வீடியோ போட்டிருக்கிறார்கள். முகத்தில் துணி கட்டிய ஒருவன், ஒரு வேன், கதவுக்குள் இழுபடும் ஒரு சின்னக் கால். எந்த ஊர், எந்த வருடம், ஒன்றும் இல்லை. கீழே வரிசையாகக் கைகூப்பிய படங்கள். கைகூப்பினால் வேன் நின்றுவிடுமா?

மிதுனிடம் காட்டினேன். அவருக்கு லேத் பட்டறைக்குக் கிளம்பும் அவசரம். "இது வடக்க எங்கியோ எடுத்ததாமா வர்ஷி. நீ எதுக்கு இதையெல்லாம் பாத்துட்டு ஒக்காந்திருக்கறே?" என்றார். வடக்கே இருக்கிற பிள்ளை பிள்ளை இல்லையா என்று கேட்டேன். தட்டில் இருந்த கருகின தோசையைத் தின்றுவிட்டுப் போய்விட்டார்.

சாயங்காலம் மகள் அம்மணியை மடியில் உட்காரவைத்து ஒரு சட்டம் போட்டேன். நாலு வயதுப் பிள்ளைக்கு நீளமாகச் சொன்னால் ஏறாது. "உன் பேரு தெரியாதவங்க யார் கூப்பிட்டாலும் போகக் கூடாது. மிட்டாய் குடுத்தாலும் சரி, நாய்க்குட்டி காட்டினாலும் சரி. 'எம்பேரு என்ன?'ன்னு கேளு. தெரியலைன்னா ஓடி வந்துடு."

"தெரிஞ்சா?"

"தெரிஞ்சா நம்ம ஆளு."

எனக்கே பெருமையாக இருந்தது. குழுவில் எழுதிப் போட்டேன். ரைஹானின் அம்மா கைதட்டும் படம் அனுப்பினாள்.

பிறப்புச் சான்றிதழில் இவள் அக்ஷயா. அந்தப் பேரை முடிவு செய்ய நானும் மிதுனும் மாதக்கணக்கில் சண்டை போட்டோம். அதற்குள் பிள்ளை அம்மணி ஆகிவிட்டாள். பள்ளிக்கூடத்தில்கூட அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது மட்டும்தான் அக்ஷயா. மற்ற நேரமெல்லாம் மிஸ்ஸுக்கும் அம்மணிதான்.

ஜூன் 12, வியாழன்

சோதனை நடத்திப் பார்த்தேன். எதிர்வீட்டுப் பாவாத்தாள் அக்காவிடம் சொல்லி, தெருவில் விளையாடுகிறவளை "பாப்பா, இங்க வா, முறுக்குத் தாரேன்" என்று கூப்பிடச் சொன்னேன். இவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "எம்பேரு என்னங்க?" என்று கேட்டாள். அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அடி என்ர அம்மணி!" என்று வாரி எடுத்துக்கொண்டார். "தெரியுதே!" என்று முறுக்கை வாங்கிக்கொண்டாள். பாஸ்.

ஜூன் 17, செவ்வாய்

பள்ளி வாசலில் ஒரு ஆள் பைக்கில் வெகுநேரம் நின்றிருந்தான். போனில் படம் எடுத்து வைத்தேன். யாரோ ஒரு பிள்ளையின் மாமாவாம். இருக்கட்டுமே. மாமாவாக இருந்தால் ஹெல்மெட்டைக் கழற்றக் கூடாதா?

ஜூன் 19, வியாழன்

எழுதிவிட்டால்தான் தூங்க முடியும்.

அவள் இருக்கிறாள். முதலில் இதை எழுதிவிடுகிறேன். இருக்கிறாள். பக்கத்து அறையில் மிதுன் மேல் காலைப் போட்டுக்கொண்டு கார்ட்டூன் பார்க்கிறாள்.

பள்ளி விட்டு, பீளமேட்டில் ஒண்டிப்புதூர் பஸ்ஸுக்கு நின்றோம். சாரல் அடித்தது. கல்லூரிப் பெண்கள் கூட்டம். இவளுடைய பையும் ஐ.டி. கார்டும் என் தோளில். கார்டின் கயிறு கழுத்தை அரிக்கிறது என்று வாசலைத் தாண்டியதுமே கழற்றிக் கொடுத்துவிடுவாள். குடை விரியவில்லை. கம்பி எங்கோ மாட்டிக்கொண்டது. ரெண்டு கையும் வேண்டியிருந்தது. "அம்மா டாப்பைப் புடிச்சுக்கோ" என்றேன். பிடித்துக்கொண்டாள். போத்தனூர் போகிற தனியார் பஸ் ஒன்று வந்து நின்றது. கண்டக்டர் என்னமோ கத்தினார். பெண்கள் ஏறினார்கள். பஸ் போனது. குடை விரிந்தது. குனிந்து பார்த்தால் இவள் இல்லை.

இல்லை.

முதலில் கோபம்தான் வந்தது. எந்தக் கடைக்குள் நுழைந்தாளோ, வரட்டும், முதுகில் ரெண்டு வைக்கிறேன் என்றுதான் நினைத்தேன். பேக்கரியில் இல்லை. ஜெராக்ஸ் கடையில் இல்லை. ஆட்டோக்களுக்குப் பின்னால் இல்லை. அப்புறம்தான் அந்த வீடியோவில் பார்த்த கால் ஞாபகம் வந்தது. ஐயோ, சாமி. "அம்மணீ!" என்று கத்தினேன். ஸ்டாப்பில் இருந்த அத்தனை பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். மறுபடி கத்தினேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் பூ விற்கிறவளும் திரும்பினாள். இந்த ஊரில் எந்தப் பெண்ணையும் அப்படித்தானே கூப்பிடுவார்கள், அது என் பிள்ளையின் பேர் என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற பெண், "என்னையவாங்க்கா?" என்று கேட்டாள். "எம்புள்ளையக் காணமுங்க" என்றேன். குரல் வெளியே வந்ததா என்றுகூடத் தெரியவில்லை.

டிராஃபிக் போலீஸ்காரர் ஓடி வந்தார். "பாப்பா பேரு சொல்லுங்க."

"அம்மணி."

"சரிங்க, பேரு?"

"அம்மணிதானுங்க."

"ஏம்மா, மைக்ல சொல்லோணுமுங்க. பேரு வேணும்."

வரவில்லை. நான் பெற்ற பிள்ளை. நானே சண்டை போட்டு வைத்த பேர். வாயில் வரவில்லை. தோளில் தொங்கிய கார்டைத் திருப்பி, பார்த்துத்தான் படித்தேன். அக்ஷயா. யாரோ வீட்டுப் பிள்ளையின் பேரைப் படிப்பது மாதிரி இருந்தது.

எவ்வளவு நேரம் போனதோ தெரியாது. பள்ளியிலிருந்து போன் வந்தது. போத்தனூரில் இருந்து ஒரு கண்டக்டர் பேசினாராம். சட்டையில் இருந்த பள்ளி முத்திரையைப் படித்து, நம்பரைத் தேடிப் பிடித்திருக்கிறார். மிதுன் பைக்கில் வந்து என்னை ஏற்றிக்கொண்டார். வழி முழுக்க அவர் முதுகுச் சட்டையைக் கசக்கிப் பிடித்திருந்தேன்.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் கண்டக்டர். ஆரோக்கியதாஸ் என்று பேர் சொன்னார். தலை நரைத்த மனிதர். பிள்ளையைக் கட்டிக்கொண்டேன், அடித்தேன், மறுபடி கட்டிக்கொண்டேன். பிறகு அவர் மேல் பாய்ந்தேன். "நாலு வயசுப் புள்ள தனியா ஏறுது, கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

"காலேஜ் புள்ளைங்களோட வந்துதுன்னு நெனச்சுப்போட்டனுங்க. சிங்காநல்லூர்ல அதுக எறங்கிப்போச்சு. அப்பறம் பக்கத்து சீட்டுல ஒரு அம்மா இருந்தாங்க, அவங்க புள்ளைன்னு நெனச்சேன். கடைசி ஸ்டாப்புலதானுங்க தெரிஞ்சுது. பேரு கேட்டா அம்மணிங்குது. அப்பா பேரு கேட்டா ஏனுங்கங்குது. நான் என்னங்க பண்ணுவேன்?"

நான் மிதுனைக் கூப்பிடுவது அப்படித்தானே. அதைத்தான் சொல்லியிருக்கிறாள். மிதுன் சிரித்துவிட்டார். அந்த இடத்தில், அந்த நேரத்தில்! கண்ணில் தண்ணீரோடுதான் சிரித்தார், இருந்தாலும் அடித்திருப்பேன்.

"எதுக்குடி ஏறினே? அம்மா என்ன சொல்லிக் குடுத்தேன்?" என்று இவளைக் கேட்டேன்.

பன்னை மென்றுகொண்டே சொன்னாள். "அவருக்கு எம்பேரு தெரியும்மா. 'ஏறுங்க அம்மணி'ன்னு கூப்புட்டாரு."

ஆரோக்கியதாஸ் தலையில் கை வைத்துக்கொண்டார். "நான் எல்லாத்தையுமே அப்படித்தானுங்க கூப்புடுவேன். ஒரு மரியாதைக்குங்க" என்றார்.

ஆமாம். ஸ்டாப்பில் என் காதிலும்தான் விழுந்தது. பிறந்ததிலிருந்து கேட்டுக் கேட்டு, விழுந்தும் கேட்காமல் போன வார்த்தை. பிள்ளை நான் சொல்லிக் கொடுத்ததைத்தான் செய்திருக்கிறாள். ஒரு எழுத்து மாற்றாமல் செய்திருக்கிறாள்.

ஜூன் 20, வெள்ளி

வேலைக்கு லீவு சொல்லிவிட்டேன். இவளையும் அனுப்பவில்லை.

இன்றைக்குத்தான் காது திறந்திருக்கிறது. பால்காரர், "அம்மணி, பாத்திரம் கொண்டாங்க." கீரை வண்டிக்காரர், "தண்டுக்கீரை இருக்குதுங்க அம்மணி." சிலிண்டர் கொண்டுவந்தவர், கூரியர்காரர், மோட்டார் பார்க்க வந்தவர். எல்லார் வாயிலும் அம்மணி. அவர்கள் கூப்பிடுவது என்னை. ஒவ்வொரு தடவையும் உள்ளேயிருந்து இவள், "வாரேனுங்க!" என்று ஓடி வருகிறாள்.

இந்த ஊரில் இருக்கிற அத்தனை ஆம்பளைக்கும் என் பிள்ளையின் பேர் தெரியும். நல்லவனுக்கும் தெரியும். மற்றவனுக்கும் தெரியும். நேற்று அந்தப் படியில் ஆரோக்கியதாஸுக்குப் பதிலாக வேறு ஒருத்தன் நின்றிருந்தால் — வேண்டாம். எழுத மாட்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

இன்றிலிருந்து இவளை யாரும் அம்மணி என்று கூப்பிடக் கூடாது. அக்ஷயாதான். மிதுனிடம் சொல்லியாயிற்று. மிஸ்ஸிடம் சொல்லியாயிற்று. சென்னிமலையில் இருக்கிற அண்ணனுக்குப் போன் போட்டேன். "வாய்ல வந்துபோட்டா என்ன பண்றது? பைன் போடுவியா?" என்றான். போடுவேன் என்றேன். பாவாத்தாள் அக்கா வாயில் அது "அச்சயா" என்றுதான் வருகிறது. பரவாயில்லை, அம்மணி வராமல் இருந்தால் போதும்.

ஜூன் 25, புதன்

அக்ஷயா என்றால் திரும்புவதே இல்லை. வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்று விளையாடிக்கொண்டே இருக்கிறாள். கத்தினால் திரும்புகிறாள். ஆனால் அது சத்தத்துக்குப் பயந்து திரும்புவது. காலையில் படுக்கை நனைந்திருந்தது. போன வருடத்தோடு நின்றுபோன பழக்கம்.

ஜூன் 29, ஞாயிறு

கோழி வாங்கக் கடைக்குப் போனேன். மிதுன் குளிக்கப் போனார். திரும்பி வந்தால் கதவு உள்பக்கம் பூட்டியிருக்கிறது. நாங்கள் பக்கத்தில் இல்லாவிட்டால் கீழ்த்தாழ்ப்பாளைப் போட்டுக்கொள் என்று நானேதான் சொல்லியிருந்தேன். தட்டினேன்.

"யாருங்க?"

"அம்மாதான். தொற."

"எம்பேரு என்ன?"

மறக்காமல் கேட்கிறாளே என்று சந்தோஷப்பட்டேன். "அக்ஷயா" என்றேன்.

தாழ்ப்பாள் அசையவில்லை.

"அக்ஷயா, கதவத் தொற கண்ணு."

"மாட்டேன். எங்கம்மாவுக்கு எம்பேரு தெரியும்."

சிரிப்பு வந்தது எனக்கு. அப்புறம் கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. அழுதால் மாட்டிக்கொள்வோம் என்று அழாமல் இருக்கப் பார்க்கிறாள். அடுத்த நிமிடம் வீறிட்டாள். "அப்பா! அப்பா! அம்மா மாதிரியே யாரோ வந்திருக்காங்கப்பா!"

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம். அவருக்குக் கேட்கவில்லை. உள்ளே என் பிள்ளை தனியாக நடுங்குகிறாள். யாருக்குப் பயந்து? எனக்குப் பயந்து. என் குரலைக் கேட்டு. என்ன காரியம் பண்ணிவெச்சிருக்கேன் நான்?

"அம்மணி" என்றேன். "அம்மணி, நாந்தான்டி. தொற சாமி."

தாழ்ப்பாளை நீக்குகிற சத்தம். ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டாள். நிலைப்படியிலேயே உட்கார்ந்து ரெண்டு பேரும் அழுதோம். மிதுன் ஈரத் தலையோடு வந்து பார்த்தார். கீழே கிடந்த கோழிப் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

ஜூலை 1, செவ்வாய்

பழைய சட்டம் ரத்து. அக்ஷயா பள்ளிக்கூடத்தில் இருக்கட்டும். வீட்டில் அம்மணி.

புதுச் சட்டம்: யார் என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் முதலில் என் கையைத் தேட வேண்டும். கை கிடைக்காவிட்டால் நின்ற இடத்திலேயே நின்று கத்த வேண்டும். மிதுன் தன் போன் நம்பரைப் பாட்டாகப் பாடிச் சொல்லிக் கொடுக்கிறார். கடைசி ரெண்டு எண்ணை இன்னும் மாற்றித்தான் பாடுகிறாள்.

"நான் கத்துனா நீ வருவியா?" என்று கேட்டாள்.

"வருவேன்."

"அன்னிக்கு பஸ்ஸுக்குள்ள நீ எதுக்கு வரவே இல்ல?"

தலையைத் தடவிக் கொடுத்தேன்.

ஜூலை 4, வெள்ளி

பள்ளிக்கூடத்துக்குப் போக வர இன்னும் ஆட்டோதான். பஸ் ஹாரன் கேட்டாலே இவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன்.

ஜூலை 8, செவ்வாய்

ஆட்டோக்காரருக்குக் காய்ச்சல். வேறு ஆட்டோ ஒன்றும் நிற்கவில்லை. இவளைக் கூட்டிக்கொண்டு அதே ஸ்டாப்பில் போய் நின்றேன். ஐ.டி. கார்டு கழுத்தில். கயிற்றில் ஒரு பழைய துணியைச் சுற்றித் தைத்திருக்கிறேன், அரிக்காமல் இருக்க.

ஒண்டிப்புதூர் பஸ் வந்தது. கண்டக்டர் சின்ன வயசு. படியில் தொங்கிக்கொண்டே, "ஏறுங்க அம்மணி, ஏறுங்க, உள்ள எடம் இருக்குதுங்க" என்று கத்தினார். இவள் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. கையை நீட்டித் துழாவி என் விரலைப் பிடித்தாள். சரியாகத்தான் செய்தாள்.

கூட்டம் ஏறி முடித்துவிட்டது. கீழே நாங்கள் மட்டும். எனக்குக் கால் எழவில்லை. ஏறணும், ஊட்டுக்குப் போகணும், அவ்வளவுதானே? எழவில்லை. கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு, "ஏனுங்க, வாரீங்களா இல்லீங்களா?" என்றார்.

இவள் ஒரு காலைத் தூக்கிப் படியில் வைத்தாள். என் விரலை விடவில்லை. திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அந்தக் கண்டக்டர் மாதிரியே இழுத்துச் சொன்னாள்.

"ஏறுங்க அம்மணி. நான் புடிச்சிருக்கறனுங்க."

ஏறினேன்.