மூலையில் ஒரு பென்சில் வட்டம்

அன்புள்ள சின்னவனுக்கு,

கடவுள் கருணையில் நானும் உன் அக்காவும் சுகம். முழங்கால் வலி மட்டும் என்னை விட்டுப் போக மனசில்லாமல் கூடவே இருக்கிறது. நீயும் மருமகளும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் இருக்க தினமும் வேண்டிக்கொள்கிறேன். குழந்தைக்கு இருமல் விட்டதா, குளிரில் தலையை மூடாமல் வெளியே தூக்கிப் போகாதீர்கள்.

உன் கடிதம் கிடைத்தது. படித்தேன், கோபம் தணியட்டும் என்று துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டு வந்து மறுபடி படித்தேன், தணியவில்லை. அப்பாவின் காகிதங்களைப் பல்கலைக்கழகக் காப்பகத்துக்குக் கொடுப்பதில் நான் வீம்பு பிடிக்கிறேன் என்கிறாய். அவர் அங்கே பதிவாளராக இருந்த காலத்துக் காகிதம், பிறகு கம்ப்யூட்டர் கம்பெனியில் இயக்குநராக இருந்த காலத்துக் காகிதம், எல்லாவற்றையும் நான்தான் பெட்டி பெட்டியாக அடுக்கி, எதில் எது என்று எழுதி ஒட்டிக் கொடுத்தேன். கொடுக்க மனசில்லாதவள் அப்படிச் செய்வாளா? காப்பகத் தலைவர் என்னை வரவழைத்து, நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்காரவைத்து, மெதுவாக விஷயத்துக்கு வந்தார். மூலையில் அப்பா பென்சிலால் வட்டம் போட்ட காகிதங்கள் மட்டும் வேண்டாமாம், அந்த வட்டத்துக்கு அர்த்தத்தை நான்தான் அவரிடம் சொல்லியிருந்தேன். பெரிய மனுஷர், வீட்டம்மாவைக் கேட்டு முடிவெடுத்தார்னு வெளியே தெரிஞ்சா நல்லாவா இருக்கும் என்றார். நீயும் அதையேதான் எழுதியிருக்கிறாய், ஊர் சிரிக்கும் என்று. சிரிக்கட்டும்.

உனக்கு மறந்திருக்காது. ஒருவருக்கு இல்லை என்று சொல்லும் காகிதம் எதிலும் அப்பா அலுவலகத்திலேயே கையெழுத்துப் போட்டதில்லை. வீட்டுக்கு எடுத்துவந்து, சாப்பாட்டு மேஜையில், பெயர் இருக்கும் இடத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு எனக்கு உரக்க வாசிப்பார். ஒரு ஆள் முகத்துக்கு நேரா சொல்ல முடியாததை எழுதவும் கூடாதுடி என்பார். எனக்கு மனசு ஒப்பவில்லை என்றால் மூலையில் பென்சிலால் சின்னதாக ஒரு வட்டம் போடுவார். வட்டம் விழுந்த காகிதம் மறுபடி விசாரிக்காமல் வெளியே போகாது. கம்பெனியில் இயந்திர அறைக் காவலாளி வேலை நேரத்தில் தூங்கினான் என்று அவனை நீக்கும் உத்தரவு வந்தது, ஏன் தூங்கினான் என்று மட்டும்தான் நான் கேட்டேன். விசாரித்தால், போன ஆளுக்குப் பதில் ஆள் போடாமல் இவனையே இரவும் பகலும் நிறுத்தியிருக்கிறார்கள். அதற்காக நான் சொன்னதெல்லாம் நடந்தது என்று நினைக்காதே. தேர்வில் காப்பியடித்த ஒரு பெண்ணுக்காக அழாத குறையாகப் பேசினேன், வட்டம் போட்டார், விசாரித்தார், பிறகும் இல்லை என்றே கையெழுத்துப் போட்டார். நான் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இதில் கூத்து என்னவென்றால், முதல் பெட்டியில் இருந்த வட்டங்களையெல்லாம் அங்கே வேலை செய்யும் பெண் அழுக்கு என்று நினைத்து ரப்பரால் அழித்துவிட்டாள். எல்லாத்தையும் சுத்தமாக்கிட்டேன் ஆன்ட்டி என்று பெருமையாக வேறு காட்டினாள், அவளை என்ன சொல்ல. ஆனால் அப்பா கை அழுத்தமான கை. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன், தடம் அப்படியே இருந்தது. அன்றைக்கே வேன் வைத்து எல்லாப் பெட்டிகளையும் வீட்டுக்கு ஏற்றிவந்துவிட்டேன். இப்போது கூடத்தில் உன் அக்கா ஒருக்களித்துத்தான் நடக்கிறாள், திட்டிக்கொண்டே நடக்கிறாள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தத் தடத்திலேயே பென்சிலை ஓட்டி எல்லா வட்டத்தையும் திரும்பப் போட்டுவிட்டேன்.

ஒப்புதல் படிவத்தை மறுபடி அனுப்பியிருந்தார்கள். கையெழுத்துக்குப் பதில் மூலையில் ஒரு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினேன். இது என்னம்மா அடையாளம் என்று தலைவர் போன் செய்தார். இத்தனை வட்டம் அழிச்சீங்களே, அர்த்தம் தெரியாமலா அழிச்சீங்க என்று கேட்டேன். கொடுத்தால் முழுசாகக் கொடுப்பேன், இல்லாவிட்டால் என் கூடத்திலேயே இருக்கட்டும். அப்பா பெயரில் ஒரு அறை திறப்பார்களாம், பலகை வைப்பார்களாம். அந்த மேஜையில் உட்கார்ந்த மனிதர் இல்லாத அறையில் பலகை யாருக்கு?

அரிசி மூட்டை தூக்குகிறேன் என்று இடுப்பைப் பிடித்துக்கொள்ளாதே, உனக்கும் வயதாகிறது. மருமகளிடம் எரிந்து விழாதே. கடவுள் உங்கள் மூவருக்கும் நீண்ட ஆயுளும் நல்ல புத்தியும் தரட்டும்.

உன் கடிதத்தையும் இதோடு வைத்திருக்கிறேன், மூலையைப் பார். மருமகள் காதில் விழும்படி அதை ஒரு தடவை உரக்க வாசித்துவிட்டு, பிறகு எனக்கு எழுது.

இப்படிக்கு,
வட்டம் போடச் சொன்னவள்,
உன் அம்மா