பசுமலை வரை பச்சைப் பாதை

ஜூன் 16, திங்கள்
காலையிலேயே மண்டையைப் பிளக்கும் வெயில். மகள் ஜெனி இன்று முதல் பள்ளிக்குச் சைக்கிளில். திருநகரிலிருந்து பசுமலை வரை ரோட்டோரம் பச்சைப் பெயின்ட் அடித்த சைக்கிள் பாதை இருக்கிற தைரியம்தான். ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஸ்கூட்டரில் ஊர்ந்தபடி பின்னாலேயே போனேன். பஸ் டிரைவர் கத்தினார்: "யோவ், மாட்டு வண்டியா ஓட்டுற?"
பிள்ளைக்கு வெட்கம். "அப்பா, நாளைக்குப் பின்னாடி வராதீங்க. எல்லாரும் சிரிக்கிறாங்க."
ஆபீஸுக்கு லேட். மேனேஜர் முறைப்பு. சைக்கிள் செயினுக்கு எண்ணெய் வாங்க வேண்டும்.

18, புதன்
விழுந்துவிட்டாள். பாண்டியின் புரோட்டாக் கடை முன்னால் பச்சைப் பாதை முழுக்க பைக்குகள். சுற்றிப் போக ரோட்டில் இறங்கியிருக்கிறாள். பின்னால் லாரி ஹாரன். பதறிச் சாய்ந்ததில் முழங்கையில் சிராய்ப்பு. கர்த்தர் காப்பாற்றினார்.
கடைக்குப் போய்ப் பாண்டியிடம் சத்தம் போட்டேன்.
"சாப்பிட வர்றவுக வண்டிய நான் தலையிலயா தூக்கி வைக்க, சார்? கடைக்காரங்க எல்லாம் சேந்து அந்தப் பாதையவே அழிக்கச் சொல்லி மனு குடுக்கப் போறோம்."
வீட்டில் மனைவி மேரி ஒரே பிடி: "திங்கக்கிழமைல இருந்து வேன்." ஜெனி சாப்பிடாமல் படுத்துவிட்டாள். எனக்கும் இறங்கவில்லை. சைக்கிளைத் துடைத்து எண்ணெய் போட்டேன். எதற்கு என்று தெரியவில்லை.

22, ஞாயிறு
சர்ச் விட்டு வரும்போது மேளம். பாண்டி மகளுக்குக் காதுகுத்து. சமயநல்லூரிலிருந்து மாமன் சீர், தாம்பாளத் தட்டோடு பெண்கள் வரிசை, உரசுகிற மாதிரி பஸ்கள். பாண்டியே ஓடி வந்து பைக்குகளைத் தள்ளினார்: "வண்டிய எடுங்கப்பா! புள்ளகுட்டிக வருது, ரோட்டுலயா நடக்கும்?" சீர் மொத்தமும் பச்சைப் பாதைக்குள் வந்தது. எனக்கு வாய் நமநமத்தது. மேரி கையைக் கிள்ளினாள்.
ஜெனிக்குத் தாம்பூலப் பை கொடுக்க வந்த பாண்டி அவள் முழங்கையில் இருந்த கட்டைப் பார்த்தார். "இம்புட்டா பட்டுச்சு, பாப்பா?"
"ஆமா மாமா. இனிமே வேன்தான்."
மேளக்காரர் கூப்பிட்டும் நகராமல் நின்றார்.

23, திங்கள்
தூறல். பால் வாங்கப் போனேன். புரோட்டாக் கடை முன்னால், பச்சைப் பாதை ஓரத்தில், காதுகுத்துக்குக் கட்டிய வாழைமரங்கள். நடுவே கயிறு. பைக் ஏற வழியில்லை.
"வாழ வாடுறதுக்குள்ள கம்பி ஊனிருறேன், சார். மனுவும் வேணாம்னு மத்த கடைக்காரங்ககிட்டப் பேசுறேன். பாப்பாவ சைக்கிள்லயே வரச் சொல்லுங்க."
மேரியிடம் சொன்னேன். சைக்கிள் சாவியை எடுத்து ஜெனியிடம் நீட்டினாள். என் கை தானாக ஸ்கூட்டர் சாவிக்குப் போனது.
"அப்பா..."
திரும்ப ஆணியில் மாட்டிவிட்டேன். செயினில் சத்தமே இல்லை. தெருமுனை திரும்பிய பிறகும் பெல் மட்டும் கேட்டது. வேண்டுமென்றே அடிக்கிறாள், கழுதை, நான் வாசலில் நிற்பது தெரிந்து.