நாமே வாங்கிய நம் மலர்

நேற்று பேரிகையிலிருந்து உன் தம்பி மனைவி பஸ்ஸில் வந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுப் போனாள். "அண்ணி படுக்கையில கெடக்கும்போதே சொல்லிட்டாங்க, இது ஓசூர் அம்மாவுக்குன்னு" என்றாள். காபி போடுகிறேன் என்றேன். திரும்பும் பஸ் போய்விடும் என்று நிற்காமல் நடந்தாள். பெட்டியைத் திறந்ததும் அச்சு மை வாசனை முகத்தில் அடித்தது. உள்ளே நமது ஆண்டு மலர். எல்லாம் ஒரே வருடத்து மலர், அடுக்கடுக்காக, ஒன்றுகூடப் பிரித்துப் படிக்கப்படாமல்.

நீ வாங்கினாய் என்பது எனக்குப் பழைய செய்திதான். இவ்வளவு வாங்கினாய் என்று தெரியாது. ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தவள், விளக்கு வைக்கும் நேரம்வரை எழுந்திருக்கவில்லை. இப்போதெல்லாம் உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுவதில்லை.

மலர் எதற்காக வந்தது என்று இன்று யார் கேட்டாலும் ஒரே வரியில் சொல்வேன்: புத்தகப் பெட்டிக்காக. வாசகசாலை இல்லாத ஊர்களுக்கு பஸ்ஸின் மேல் ஏறிப் போய்வரும் அந்த மரப்பெட்டிக்குப் புதுப் புத்தகங்கள் வாங்க வேண்டும். யாரிடமும் கையேந்த எனக்கு விருப்பமில்லை. அதனால் நாமே எழுதி, நாமே வரைந்து, கிருஷ்ணகிரியில் அச்சடித்து விற்றோம். ஆஸ்பத்திரி கம்பவுண்டர் கதைகள் எழுதினார். டிராயிங் டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நீ அச்சுக்காக மரக்கட்டையில் படம் செதுக்கினாய். நான் ஒரு கட்டுரை எழுதினேன், எல்லோருடைய பிழைகளையும் திருத்தினேன். பெங்களூரில் கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள் நான். ஓர் ஒற்று விடுபட்டாலும் எனக்குச் சோறு இறங்காது.

யாருக்கும் கூலி கிடையாது, எழுதியவருக்கும் இலவசப் பிரதி கிடையாது என்ற விதியை நான்தான் போட்டேன். இன்றும் அது சரியான விதி என்றே நினைக்கிறேன்.

நயா பைசா வந்த வருடம் மலர் ஒரு மாதத்துக்குள் தீர்ந்துபோயிற்று. ராயக்கோட்டை பஸ் நிற்குமிடத்துச் சோடாக் கடையில்தான் விற்பனைக்கு வைத்திருந்தோம். ஒன்றுகூட மிச்சமில்லை என்று செய்தி வந்ததும் கம்பவுண்டருக்குத் தரையில் கால் பாவவில்லை. அடுத்த வருடம் இரண்டு மடங்கு அச்சடித்தோம். பெட்டிக்கென்று இருந்ததெல்லாம் அச்சகத்துக்குப் போயிற்று. அந்த மலர் விற்றால்தான் பெட்டி மறுபடி ஊர் போகும் என்ற நிலை.

விற்கவில்லை. காரணம் கேட்கச் சோடாக் கடைக்கு நானே போனேன்.

"போன வாட்டி அந்த டிராயிங் அம்மா சந்தைக்கு வரும்போதெல்லாம் பை நெறைய வாங்கினு போனாங்க. மீதிய உங்க வூட்டு வேலக்காரம்மா வாங்குச்சு. இந்த வாட்டி ரெண்டு பேரும் வரல. நான் இன்னாங்க பண்றது?" என்றார் கடைக்காரர்.

அங்கிருந்து நேராக உன் வீட்டுக்கு வந்தேன். நீ கட்டை செதுக்கிக்கொண்டிருந்தாய். நான் உட்காரவில்லை.

"ஏன் வாங்கினாய்?"

"கம்பவுண்டர் மூஞ்சியப் பாத்தீங்களாக்கா? ஊசி போட்ட கையோட பஸ் ஏறிப் போய், எத்தன வித்துச்சுன்னு பாத்துட்டு வருவாரு. மனசு கேக்கல. சரி, வேலக்காரம்மாவ அனுப்பி நீங்க எதுக்கு வாங்குனீங்க?"

"உன் படங்கள் சோடா பாட்டில்களுக்கு நடுவே தூசி படிந்து கிடப்பது எனக்குப் பிடிக்கவில்லை."

நீ உளியைக் கீழே வைத்தாய். "அப்போ சேலம் ஜில்லாவுலயே நம்ம மலருக்கு ரெண்டே ரெண்டு பேரு. அந்த ரெண்டு பேரும் படிக்கல" என்று சொல்லிச் சிரித்தாய். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெட்டி நின்றுபோகுமே என்பதுதான் மனதில் இருந்தது.

மலர்களையே பெட்டியில் போட்டு ஊர் ஊராகக் கொடுத்துவிடலாம் என்றாய். சும்மா கொடுத்தால் மதிப்பிருக்காது என்றேன். "மதிப்பு சோடாக் கடையில தூங்குதுக்கா, எழுப்பிக் கூட்டினு போவலாம்" என்றாய்.

ஜவளகிரிக்கு முதலில் போனோம். வீட்டில் கன்னடமும் தெலுங்கும் பேசுகிற பெண்கள். என் கட்டுரையை நான் வாசித்தபோது மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். கம்பவுண்டர் கதையை நீ பாதித் தமிழும் பாதித் தெலுங்குமாகச் சொன்னபோது அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். அடுத்த முறை போனபோது உன் படங்கள் மலரிலிருந்து வெட்டப்பட்டு வீட்டுச் சுவர்களில் ஒட்டியிருந்தன. புத்தகத்தை வெட்டுவதா என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நீ ஒரு சுவரருகே போய் நின்று பார்த்துவிட்டு, "நல்ல எடத்துல ஒட்டியிருக்காங்கக்கா, வெளிச்சம் படுது" என்றாய்.

அன்று பெட்டி காலியாகத் திரும்பவில்லை. கேட்காமலேயே புளியும் ராகியும் அவரைக்காயும் கொண்டுவந்து நிரப்பினார்கள். "சும்மா வாங்கினா நல்லா இருக்குமாங்க?" என்றாள் ஒருத்தி. கம்பவுண்டர் முகம் சுளிக்காமல் சந்தையில் உட்கார்ந்து புளி விற்றார். அந்தப் புளியில்தான் புதுப் புத்தகங்கள் வந்தன. அதன் பிறகு மலர் அந்த வழியிலேயே போயிற்று. சோடாக் கடைக்கு நாம் மலர் அனுப்பவே இல்லை.

சித்திரையில் நீ போய்விட்டாய். இது ஐப்பசி. தைக்கு மலர் வர வேண்டும். "போதும்மா, நிறுத்திடலாம்" என்கிறார் கம்பவுண்டர். அவருக்குக் கை நடுங்குகிறது. எனக்கு முழங்கால் பஸ் படியில் ஏற மறுக்கிறது. என் வீட்டுக்காரர் இறந்தபோதுகூட நான் இவ்வளவு அலுத்துப்போனதில்லை, அப்போது வயது துணையிருந்தது. நானும் நிறுத்திவிடுவது என்றுதான் இருந்தேன். கடைசித் தடவையாகச் சொல்லிவிட்டு வரலாம் என்று போன வாரம் பெட்டியோடு ஜவளகிரிக்குப் போனேன்.

சுவரில் உன் எருமைப் படத்தை ஒட்டியிருக்கிற பெண் கைக்குழந்தையோடு வந்தாள். "இந்த வாட்டி அந்தம்மாவ நாய் போடச் சொல்லுங்க. எங்க வூட்டு நாயாட்டம், காது மடிஞ்சாப்புல. வருங்களா?"

நீ இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "வரும்" என்று சொல்லிவிட்டேன்.

தகரப் பெட்டி மலரில் இருக்கும் உன் பழைய படத்தில் ஒன்றைப் போட்டுவிடலாம் என்கிறார் கம்பவுண்டர். அவள் கேட்டது நாய். நீ நாய் செதுக்கவே இல்லை. வேறு யாரையாவது பிடிக்கலாம் என்றார். வாக்குக் கொடுத்தவள் நான், இன்னொருவரை எதற்குப் பிடிக்க வேண்டும்? வயது அறுபத்தொன்பது. இதுவரை நேராக ஒரு கோடு போட்டதில்லை. கான்வென்டில் டிராயிங்கில் மட்டும்தான் நான் முதலில் வரவில்லை.

காலையிலிருந்து வரைகிறேன். தலை பரவாயில்லை. காதை மடித்துவிட்டேன். பின்னங்காலில் நின்றுபோயிற்று. நாயின் பின்னங்கால் எந்தப் பக்கம் மடங்கும் என்று இத்தனை வருடத்தில் நான் பார்த்ததில்லை. மத்தியானம் தெருவில் இறங்கி, படுத்திருந்த ஒன்றைக் குடையால் தட்டி எழுப்பினேன். அது சலிப்போடு என்னைப் பார்த்துவிட்டு எழுந்து நாலடி நடந்து மறுபடி படுத்தது.

பின்பக்கம்தான் மடங்குகிறது.