நானூற்றுப் பதினேழு இன்னும் உள்ளே

2009 பிப்ரவரி 9, திங்கள்

காலையில் நல்ல பனி. பஸ் ஜன்னல் கம்பியெல்லாம் ஈரம். வழி நெடுக கொத்தமல்லிச் செடி பிடுங்கிப் போட்டிருக்கிறார்கள், பஸ்ஸுக்குள் வரை வாசனை. கண்டக்டரோடு சில்லறைச் சண்டை, வழக்கம் போல.

இன்று முதல் ரிப்போர்ட் வேலை இல்லை. வருகைப்பதிவுக்கு மாற்றிவிட்டார் அண்ணாச்சி. எங்கள் முதலாளிதான். சார் என்று கூப்பிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். சென்னையில் ஒரு கம்பெனி, அவர்களுக்கு ஐந்து மில். ஐந்துக்கும் சேர்த்து வருகை, ஷிப்ட், சம்பளம் எல்லாம் ஒரே சாப்ட்வேரில். அடுத்த திங்கள் கொடுத்தாக வேண்டும்.

பக்கத்து சீட் ஜாகிர் அண்ணன் (இனி ஜா.) ஹார்ட் டிஸ்க்கில் கொண்டுவந்து என் மெஷினில் வி.எம். ஏற்றினார். கம்ப்யூட்டருக்குள் ஓடுகிற இன்னொரு கம்ப்யூட்டர். டேட்டாபேஸ், சர்வர், நம்முடைய சாப்ட்வேர், சோதித்துப் பார்க்க ஒரு மில் செக்ஷன் ஆட்களின் விவரம், எல்லாம் முன்பே போட்டுக் கட்டி வைத்தது. ஒரே ஒரு பெரிய ஃபைல். ஒவ்வொன்றாக இன்ஸ்டால் செய்தால் மூன்று நாள் போய்விடுமாம். ஆபீஸில் ஆறு மெஷினில் ஓடுவதும் இதே ஃபைலின் நகல்.

"உள்ள நீ என்ன குட்டிச்சுவரு ஆக்குனாலும் பயப்படாத. நிறுத்திட்டு மறுபடி போட்டா பழையபடி வந்துரும். நேத்து ஒண்ணுமே நடக்கலங்கிற மாதிரி."

உள்ளே கடிகாரம் மட்டும் மூன்று வருடம் பின்னால் நிற்கிறது. டேட்டாபேஸுக்குக் காசு கட்டவில்லை, சோதனைக்காலம் முடிந்தால் பூட்டிக்கொள்ளும். அதனால் எப்போது ஸ்டார்ட் செய்தாலும் ஒரே தேதி, ஒரே சாயங்காலம் ஏழு மணி வருகிற மாதிரி செய்து வைத்திருக்கிறார்கள். ஏன் அந்தத் தேதி என்று கேட்டேன். "அண்ணாச்சி வச்சது, எனக்குத் தெரியாது" என்றார் ஜா.

டீ குடித்துவிட்டு வந்து தேதியை மறுபடி பார்த்தேன். அம்மா செத்துப்போன நாள்.

வருடத்தில் எத்தனையோ நாள், அதில் ஒன்று. அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

வாங்க வேண்டியது: குண்டு பல்பு, அப்பாவுக்குத் தைலம், ரவை.

10, செவ்வாய்

பனி. தொண்டை கரகரப்பு.

எனக்குக் கொடுத்த வேலை: உள்ளே வரும்போது கார்டு தேய்த்தவர் வெளியே போகும்போது தேய்க்க மறந்துவிட்டால் என்ன செய்வது. இப்போது சாப்ட்வேருக்கு ஒன்றும் தெரியாது. அந்த ஆள் உள்ளேயே இருப்பதாக நினைத்துக்கொள்ளும். அதைக் கண்டுபிடித்து, சூப்பர்வைசர் நேரமும் காரணமும் போட்டு முடித்துவைக்க ஒரு பக்கம் எழுத வேண்டும்.

"டெஸ்ட் பண்ண 417ஐ எடுத்துக்கோ. அது ஒண்ணுதான் வெளிய போகாமக் கெடக்கு" என்றார் ஜா.

எடுத்தேன்.

எண் 0417. சண்முகத்தாய். கணவர் பெயர் முருகையா. ஊர் என்ற இடத்தில் எங்கள் ஊர். நூல் கோன் பேக்கிங், ஜெனரல் ஷிப்ட். உள்ளே 8.52. வெளியே காலி.

பாத்ரூமில் போய் நின்றுகொண்டேன், குழாயைத் திறந்துவிட்டு. அது அம்மாவேதான். மில் பெயரை மாற்றியிருக்கிறார்கள், ஆட்களின் பெயரை யாரும் மாற்றவில்லை.

அன்று மத்தியானத்துக்கு மேல் பேக்கிங் டேபிள் பக்கத்தில் விழுந்திருக்கிறாள். நெஞ்சு. லோடு லாரி போகிற பின்கேட் வழியாக மில் வேனில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அப்போது யார் கார்டைத் தேய்ப்பார்கள். நான் திருநெல்வேலியில் ஹாஸ்டலில் இருந்தேன். மறுநாள் விடிந்துதான் எனக்குச் சொன்னார்கள். அந்த ஏழு மணிக்கு நான் மெஸ்ஸில் தோசைக்குத் தட்டை நீட்டிக்கொண்டிருந்திருப்பேன்.

'தற்போது உள்ளே இருப்பவர்கள்' என்று ஒரு ரிப்போர்ட் உண்டு. போன மாதம் நான்தான் அதற்குக் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு அழகு பார்த்தேன். இன்று ஓட்டிப் பார்த்தேன். ஒரே ஒரு பெயர்.

யாரிடமும் சொல்லவில்லை. வீட்டிலும்.

11, புதன்

கரண்ட் இரண்டு மணி நேரம் கட். யு.பி.எஸ். பாதியில் கத்திவிட்டு அணைந்தது. எல்லோரும் வாசலில் நின்று கடலை மிட்டாய் தின்றோம். என் பங்கில் பாதியைப் பையில் போட்டுக்கொண்டேன்.

கரண்ட் வந்ததும் ஆறு பேரும் ஒரே நேரத்தில் ஸ்டார்ட் செய்தோம். ஆறு திரையிலும் ஏழு மணி. ஆறு திரையிலும் அம்மா உள்ளே இருக்கிறாள்.

ஜா. எழுந்து நின்று என் பக்கம் எட்டிப் பார்த்தார். "417 வெளிய போச்சா?"

"இல்லண்ணே."

"எங்கிட்டயும் போக மாட்டேங்கு. பிடிவாதக்காரப் பொம்பள."

சிரித்து வைத்தேன். அவர் மேல் கோபம் இல்லை, அவருக்கு எப்படித் தெரியும்.

நான் எழுதிய பக்கம் (அதை வி.எம்.முக்கு வெளியேதான் வைத்திருக்கிறேன்) மாலையில் வேலை செய்தது. 5.30, 'கார்டு மறந்தது' என்று போட்டு முடித்தேன். ரிப்போர்ட் வெற்றுத்தாளாக வந்தது. உடனே தாங்க முடியவில்லை. நிறுத்திவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தேன். திரும்ப உள்ளே இருந்தாள். அப்பாடா என்றிருந்தது. அப்புறம் என்னை நினைத்து எனக்கே பயம்.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனபோது ஏ.சி. சத்தத்துக்குள் அம்மாவின் இருமல் கேட்டது. பஞ்சுத்தூசி இருமல், இரண்டு சின்னது, ஒரு பெரியது. இல்லை என்று தெரியும். ஆனாலும் தலையைத் திருப்பிப் பார்த்தேன்.

12, வியாழன்

தலைவலி. தலைக்குக் குளித்திருக்கக் கூடாது.

காரணங்களின் பட்டியல் தயார்:
கார்டு மறந்தது
கார்டு தொலைந்தது
மெஷின் பழுது
முன் அனுமதியோடு சென்றார்
பிற (எழுதுக)

"ஆள் செத்துப்போனால்?" என்று கேட்டேன், சும்மா கேட்கிற மாதிரி. ஜா. கீபோர்டிலிருந்து கையை எடுக்கவில்லை. "அது மில்லு பெர்சனல் ஆபீஸ் வேல. பேரையே தூக்கிருவாவ. நமக்கு எதுக்கு."

சாப்பாட்டு நேரத்தில் வி.எம்.மை நிறுத்தாமல் விட்டுவிட்டுப் போனேன். நிறுத்தினால் திரும்பவும் அந்த ஏழு மணியிலிருந்து தொடங்க வேண்டும் அவள். ஓடவிட்டால் உள்ளே எட்டாகிறது, ஒன்பதாகிறது. யாருமில்லாத பேக்கிங் செக்ஷனில் தனியாக. எது கொடுமை என்று தெரியவில்லை. பைத்தியக்காரத்தனம். எழுதி வைக்கிறேன், வேறு யாரிடம் சொல்ல.

வீட்டில் அப்பா ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தார். "என்னட்டி மொகம் இப்படி இருக்கு?" வேலை அதிகம் என்றேன். நாங்கள் இருவரும் அந்த நாளைப் பற்றி இதுவரை பேசியதில்லை. திவசம் கொடுப்போம், வடை சுடுவோம், பேச மாட்டோம்.

13, வெள்ளி

வெயில் தொடங்கிவிட்டது.

அண்ணாச்சி எல்லோரையும் கூப்பிட்டார். சென்னைக்காரர்கள் டேட்டாபேஸுக்கு ஒழுங்கான லைசென்ஸ் வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். இனி கடிகாரத் திருட்டு வேண்டாம். புதிதாக ஒரு வி.எம். கட்ட வேண்டும், இன்றைய தேதியோடு. அதுதான் மூலம். திங்கட்கிழமை அதிலிருந்து ஆறு நகல் இங்கே, இருபதோ முப்பதோ நகல் சென்னைக்கு. பழைய ஃபைலை எல்லா மெஷினிலும் அழித்துவிடலாம்.

"ஈஸ்வரி கட்டட்டும். மாதிரி டேட்டாவ அப்படியே தூக்கிப் புதுசுல போட்டுரும்மா. 417 பத்திரம், டெமோவுல அதத்தான் காட்டணும்."

இதுவரை ஆறு மெஷின். இனிமேல் எங்கெங்கேயோ, முகம் தெரியாத பிள்ளைகள் தினமும் காலையில் ஸ்டார்ட் செய்வார்கள். எல்லா இடத்திலும் அம்மா உள்ளே அடைந்து கிடப்பாள். கடிகாரம் வேறு இனி ஓடும். மூன்று வருடமாக வெளியே வரவில்லை என்று சிவப்பில் காட்டும். அந்தச் சிவப்பை வைத்ததும் நான்தான்.

அழித்துவிடலாமா? ஒரு வரி. ஆனால் அழித்தால் அப்படி ஒருத்தி அங்கே வேலையே பார்க்கவில்லை என்றாகிவிடும். அதற்குக் கை வராது. பொய்யாக ஒரு நேரம் போட்டு முடிக்கவும் மனசில்லை.

14, சனி

பஸ் லேட். நின்றுகொண்டே வந்தேன்.

சொல்லிவிட்டேன். அண்ணாச்சியிடம் மாதிரி டேட்டா எங்கிருந்து வந்தது என்றுதான் கேட்கப் போனேன்.

"நான்தாம்மா எடுத்தேன். அந்த மில்லுல அப்ப நம்ம சாப்ட்வேர் போட்டுக்கிட்டு இருந்தோம்லா. சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு காப்பி எடுத்துட்டுக் கெளம்புனேன். மத்தியானம் உள்ள யாரோ ஒரு பொம்பள மயங்கி விழுந்துட்டான்னு சத்தம். வேல கெடந்துது, நான் எந்திரிச்சிப் போய்ப் பாக்கல. பொறகு டேட்டாவப் பாத்தா ஒராளு மட்டும் வெளிய தேய்க்கல. சோதிச்சுப் பாக்க நல்லதாப் போச்சுன்னு விட்டுட்டேன்."

"அது எங்கம்மா, அண்ணாச்சி."

கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தார். "அழிச்சிரும்மா. இப்பமே அழிச்சிரு. எனக்குத் தெரியாதும்மா, சத்தியமாத் தெரியாது." அழிக்க வேண்டாம் என்றேன். எனக்கு அழுகை. அவருக்கும்.

வெளியே ஜா.வுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. என் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நான் என்னெல்லாமோ பேசிட்டேன் புள்ள. மனசுல வச்சுக்கிடாத. டெஸ்ட்டுக்கு ஆளு வேணும்னா எம்பேரப் போட்டுக்கோ. நான் உள்ளயே கெடந்துட்டுப் போறேன், என்ன இப்ப." அழுகையோடு சிரிப்பு வந்துவிட்டது.

கிளம்பும்போது அண்ணாச்சி படி வரை வந்தார். எதையோ யோசித்துக்கொண்டே சொன்னார்: "அன்னைக்கு நான் ஏழு மணிக்கு வெளிய வாரேன், முன்கேட்டுல ஒரு ஆளு சைக்கிளப் புடிச்சிட்டு நிக்காரு. எல்லா ஆளும் போயாச்சு. யாருக்கு நிக்காருன்னு நெனச்சுக்கிட்டே வந்தேன்."

பஸ்ஸில் முழுக்க அதுதான். தினமும் அம்மாவைச் சைக்கிளில் கூட்டிவரப் போவது அப்பாதான். அப்பா நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

15, ஞாயிறு

காலையில் கேட்டுவிட்டேன். அப்பா ஆட்டைக் கட்டிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். துண்டை எடுத்துத் துடைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அஞ்சரைக்கே போயிட்டேன், தெனமும் போற மாதிரி. எல்லாரும் வந்தாவ. இவ வரல. வாச்மேன்ட்ட கேட்டேன். அவன் அந்தப் பொட்டியப் பாத்துட்டு, ஒம்ம வீட்டுக்காரி இன்னும் வெளிய தேய்க்கல வேய், உள்ளதான் இருக்காவ, இப்ப வருவாவன்னான். அவனும் அப்பதான் ஷிப்ட் மாறி வந்திருக்கான், அவனுக்கும் தெரியல. மெஷினே உள்ள இருக்கான்னு சொல்லுது. நான் என்ன செய்ய? நின்னேன். நல்லா இருட்டுற வரைக்கும் நின்னேன். அங்கன ஆஸ்பத்திரில அவ ஒத்தையில கெடந்திருக்கா."

முதல் தடவையாக இதைக் கேட்கிறேன். மூன்று வருடம் இந்த மனுஷன் இதை உள்ளே வைத்துக்கொண்டு ஆடு மேய்த்திருக்கிறார்.

நானும் எல்லாவற்றையும் சொன்னேன். வி.எம்., ஏழு மணி, 417. பாதி புரிந்ததோ என்னவோ. கடைசியில் ஒன்று மட்டும் கேட்டார். "இப்பவும் உள்ள இருக்கான்னுதான் சொல்லுதா?"

ஆமாம் என்றேன்.

சட்டையை மாட்டிக்கொண்டு என்னோடு ஆபீஸுக்குக் கிளம்பிவிட்டார். மத்தியான பஸ், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். சாவி என்னிடம் இருந்தது. ஆபீஸில் யாரும் இல்லை. அப்பா செருப்பை வெளியே கழற்றிவிட்டு, ஜா. சீட்டின் நுனியில் உட்கார்ந்தார்.

புது வி.எம்.மைத் திறந்தேன். மூலம், நகல் இல்லை. இதில் எழுதினால் நிற்கும். டெமோவுக்கு ஜா. பெயரில் ஓர் ஆளைச் சேர்த்து, உள்ளே வந்ததாக மட்டும் போட்டேன். பிறகு 0417. பெயரைத் தமிழில் காட்டினேன். அப்பா எழுத்துக் கூட்டி வாசித்தார். தன் பெயரையும் வாசித்தார்.

"எத்தன மணின்னு போடட்டும்ப்பா?"

"அஞ்சு முப்பத்தஞ்சு போடு. அவ தூக்குச்சட்டிய அலம்பி எடுத்துட்டு வர நேரமாவும்."

போட்டேன். அடுத்தது காரணம். பட்டியலை வாசித்தேன். கார்டு மறந்தது. தொலைந்தது. மெஷின் பழுது. முன் அனுமதி. ஒவ்வொன்றுக்கும் வேண்டாம் என்று தலையாட்டினார். 'பிற' என்பதை அழுத்தினேன். வெறும் கட்டம் வந்தது.

"என்ன எழுதட்டும்?"

அப்பா திரைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துக்கொண்டார்.

"வீட்டுக்காரர் வந்து கூட்டிட்டுப் போயிட்டாருன்னு போடுட்டி."

அப்படியே போட்டேன்.